செம்பட்டை போன வழி

தீனிக் கூடையோடு கொட்டிலுக்குள் நுழைந்த சின்னவள், கூடையை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள். செம்பட்டை படுத்திருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் விலகிக் கிடந்தது. நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பள்ளம் விழுந்து, சரிவாக மண்ணுக்குள் இறங்கிப் போயிருந்தது. மண்டியிட்டுக் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை.

செம்பட்டை அவர்கள் வீட்டு உழுவான். அந்தப் பக்கத்து மண் மேலே சுட்ட செங்கல், உள்ளே வெண்ணெய். ஏர் பூட்டினால் ஏர்தான் முறியும். அதனால் அங்கே உழவெல்லாம் அடியிலிருந்துதான். மண்வெட்டி முகமும் துடுப்பு போன்ற முன்னங்கால்களும் கொண்ட, கண்ணே இல்லாத பிராணி உழுவான். நின்றால் முதுகு ஆள் உயரத்துக்கு வரும். அறுவடை முடிந்ததும் வயலோரத்தில் அதை மண்ணுக்குள் இறக்கிவிட்டு, மேலே ஒருவர் குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பார். அதற்கு மிதி என்று பேர். மிதி விழுகிற வழியே கீழே அது மண்ணைப் புரட்டிக்கொண்டு வரும். நடக்கிறவருக்குப் பின்னால் வயல், பால் பொங்குவது போலப் பொங்கி எழும். மிதிக்கிறவரின் காலைத் தவிர உழுவானுக்கு உலகத்தில் வேறு அடையாளம் கிடையாது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செம்பட்டைக்கு மிதிக்கிறவள் சின்னவள்தான். இப்போது அது நிறைமாதச் சினை. இன்றோ நாளையோ என்று எதிர்பார்த்துத்தான் நேற்று புது வைக்கோல் பரப்பியிருந்தாள்.

வெளியே வந்து பார்த்தால், கொட்டில் சுவரின் அடியிலிருந்து தரை வெடித்து மேடிட்டு ஓடியிருந்தது. பாதையைக் கடந்து, வேலிக்கு அடியில் புகுந்து, ஓடைக்கரை வயலுக்குள் இறங்கி, பச்சைக் கதிர்களைச் சாய்த்துக்கொண்டே போய், வயலின் நடுவில் சட்டென்று நின்றுவிட்டிருந்தது. அந்த வயல் பெரியவளுடையது. பெரியவள் என்றால் சின்னவளின் ஓரகத்தி, அவள் புருஷனுடைய அண்ணன் மனைவி.

சின்னவளின் புருஷன் சின்னவன், பல் விளக்கிக்கொண்டே வந்து மேட்டைப் பார்த்ததும் வாயிலிருந்த குச்சியைத் துப்பினான்.

"போச்சு. ஊர்ல இவ்வளவு மண்ணு இருக்கு, இதுக்குப் போறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"இடத்தை அப்புறம் பார்க்கலாம். அங்க போயி நின்னுடுச்சு பாருங்க. வலி வந்திருக்கு. அதுக்கு மேல நகர முடியல."

"ஈன்னுட்டு தானா வெளிய வராதா?"

அவள் மேலே கையைக் காட்டினாள்.

அந்த நாட்டுக்கு நிலா இரண்டு. பெரியது சோம்பேறி, சின்னது ஓட்டக்காரி. வருஷத்துக்கு ஒரு தடவை சின்னது பெரியதை எட்டிப் பிடிக்கும். இரண்டும் உரசினால் அன்றைக்கு மழை வந்தே தீரும். வந்தால் சாதாரண மழை இல்லை, கூரைக்கு மேலே ஆறு போகிற மழை. வயலில் பால் பிடித்து நிற்கிற கதிர் அந்த மழையைக் குடித்துத்தான் மணி முற்றும். அதற்காக ஊரே கழுத்தை வளைத்துக்கொண்டு காத்திருக்கும். இப்போது காலை வெயிலில் வெளிறிப்போன இரண்டு நிலாக்களுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. பொழுது சாய்வதற்குள் அது மூடிவிடும். மூடினால் கொட்டில் பள்ளம் வழியாகத் தண்ணீர் நேரே வளைக்குள் இறங்கும். வலியெடுத்த உழுவானால் தோண்டவும் முடியாது, திரும்பவும் முடியாது.

சின்னவன் ஓடிப்போய்க் கிணறுவெட்டியைக் கூட்டி வந்தான். கிணறுவெட்டி குள்ளமான மனுஷர். பாதி வாழ்க்கையைப் பூமிக்கு அடியில் கழித்ததாலோ என்னவோ, மேலே வந்தால் ஓயாமல் பேசுவார். ஆனால் அன்றைக்கு மேட்டின் மீது குப்புறப் படுத்து, காதை மண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் கிடந்தார்.

"மூச்சு இருக்கு" என்று எழுந்தார். "மேல இருந்து நேராக் குழி போட்டா கூரை அவ முதுகுல விழும். முதுகுல விழுந்தா வயித்துல இருக்கறது நசுங்கும். ஓடைப் பக்கத்துல இருந்துதான் வெட்டிக்கிட்டு வரணும். சரிவா, அகலமா. தண்ணி வந்தாலும் ஓடைக்கு வடிஞ்சிடும், அவளும் முகத்தை நீட்டி வெளிய வரலாம்."

"வயலு?" என்றாள் சின்னவள்.

"வயலு எங்கம்மா மிஞ்சும்? வெட்டுற இடம் போச்சு, மண்ணு கொட்டுற இடம் போச்சு, மனுஷன் மிதிக்கிற இடம் போச்சு. பாதி போயிடும். இன்னிக்கு அறுத்தா அது தானியம் இல்ல, புல்லு." அவர் மண்ணைத் தட்டிக்கொண்டார். "அதனால மண்வெட்டியைத் தூக்குறதுக்கு முந்தி, வயலுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

சின்னவனும் சின்னவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ போய்க் கேளு" என்றான் அவன்.

"உங்க அண்ணிதானே."

"அண்ணன் இருந்தா அண்ணன்கிட்ட கேட்டிருப்பேன். அவன் மாவு அரைக்க ஆத்துக்கு அந்தாண்ட போயிருக்கான், சாயந்தரம்தான் வருவான். அண்ணிகிட்ட நான் பேசினா அவங்க செவுத்தைப் பார்ப்பாங்க. நீன்னா பொம்பளைக்குப் பொம்பளை."

"என்னைப் பார்த்தா மட்டும் என்ன செய்வாங்க?"

"அதே செவுத்தைத்தான் பார்ப்பாங்க. ஆனா உனக்குப் பழகிடுச்சு."

பழகித்தான் இருந்தது. ஊரில் பெரியவளுக்கு 'கல்லுளி' என்று பேர். எத்தனை தட்டினாலும் சத்தம் வராது. சின்னவள் இந்த வீட்டுக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான் மாமனார் இறந்து, அண்ணன் தம்பி பாகம் பிரிந்திருந்தார்கள். அண்ணனுக்கு ஓடைக்கரை வயல். தம்பிக்கு மேட்டு நிலமும் உழுவானும். அன்றிலிருந்து பெரியவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பாதையில் எதிரே வந்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். உழுவான் நம் பக்கம் வந்த வயிற்றெரிச்சல் என்று சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவன் சின்னவன்.

பெரியவளின் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நீளமான பெண். கைமுட்டி மட்டும் ஆண்களுடையதைப் போல இருக்கும். சின்னவள் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். வேகவேகமாகச் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். "எங்க மேட்டு நிலத்துல விளையறதுல உங்களுக்கு..." என்று அவள் தொடங்கும்போது கத்தி நின்றது.

"கடைசியா எப்பத் தின்னா?" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. "யாரு?"

"செம்பட்டை."

"நேத்து மத்தியானம். சாயந்தரம் கூடையில வாயே வைக்கல."

"காம்பு கசிஞ்சுதா?"

"ஆமாக்கா. ரெண்டு பக்கமும்."

பெரியவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். விறகை வெளியே இழுத்துத் தணலைச் சாம்பலால் மூடினாள். கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு சின்னவளைத் தாண்டிப் போனாள். வயலுக்குப் போகிறாள் என்பது, அவள் வரப்பில் இறங்கிய பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது.

கிணறுவெட்டி மண்வெட்டியை வைத்துக்கொண்டு வரப்பில் குந்தியிருந்தார். பெரியவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேடு நின்ற இடத்தைப் பார்த்தாள், ஓடைக்கரையைப் பார்த்தாள். குனிந்து முதல் பிடிக் கதிரை அறுத்தாள். அறுத்ததைச் சின்னவள் பக்கம் நீட்டினாள்.

"பெரியத்தான் வந்து கேட்டா என்னக்கா சொல்றது?" என்றாள் சின்னவள்.

"அறுத்ததை ஒரு பக்கமாப் போடு. மிதிபட வேண்டாம்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அரிவாள் சத்தம்தான். பச்சைத் தண்டு அறுபடும்போது ஒரு பால் வாசனை வரும். நன்றாக விளைந்த வயல் அது, ஓடை ஈரத்தில் கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இன்னும் ஒரு மழை குடித்தால் களஞ்சியம் கொள்ளாது. அதைப் பெரியவள் வரிசை பிசகாமல், நிமிராமல் அறுத்துக்கொண்டே போனாள். பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து ஆட்கள் தாமாகவே கூடையும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

மேல்மண்தான் கஷ்டம். கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. கோணியை நனைத்துப் போட்டு, ஊறவிட்டு, ஓடு பெயர்ப்பது போலப் பெயர்த்தார்கள். ஒரு சாண் பெயர்ந்துவிட்டால் அடியில் மண்வெட்டி வழுக்கிக்கொண்டு போனது. பெண்கள் கூடையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஓடைக்கரையிலிருந்து வயலின் நடுவை நோக்கி ஒரு சரிவான வாய்க்கால் மெதுவாக நீண்டது. வெயில் உச்சிக்கு வந்தபோது நிலாக்களுக்கு நடுவே இருந்த இடைவெளி நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. எல்லாரும் அடிக்கடி அதைத்தான் பார்த்தார்கள்.

மத்தியானம் யாரோ ஒரு பானைக் கஞ்சி கொண்டுவந்தார்கள். கையைக் கழுவாமலே வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். பெரியவள் நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு மறுபடி இறங்கினாள். கிணறுவெட்டி சின்னவளின் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தின் அடியில் ஒட்டியதை விரலால் வழித்தார்.

"பாரேன். இந்த மனுஷியை என்ன சொல்ல? வேற ஒருத்தியா இருந்தா இன்னிக்கு வாசல்ல நின்னு ஊரையே நாறடிச்சிருப்பா. என்ன இருந்தாலும் வளர்த்த பாசம் விடாதுல்ல."

"யாரு வளர்த்தது?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாதா உனக்கு?"

"எது?"

"சரிதான். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு ஊரே சும்மா இருந்திருக்கு." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "செம்பட்டை அவ பொறந்த வீட்டுதும்மா. ஈன்ன அன்னிக்கே தாய் செத்துப்போச்சு. துணியைப் பால்ல நனைச்சு நனைச்சு வாயில வெச்சுக் காப்பாத்தினவ அவதான். கல்யாணமாகி வந்தப்ப வண்டியில ஒரு பக்கம் அவ உக்காந்திருந்தா, இன்னொரு பக்கம் அந்தக் குட்டி. மிதின்னா அவ மிதி. பக்கத்து ஊர்ல இருந்து வந்து வேடிக்கை பார்ப்பாங்க. நாலு வயலை ஒரே மூச்சுல முடிப்பா."

சின்னவள் பாதிக் கஞ்சியோடு கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். எழுந்து, கூடை தூக்கிக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள்.

"செம்பட்டை அக்காவோடதா?"

அவன் கூடையை இறக்கினான். அவன் பேச்சுக்காரன். ஆனால் அப்போது வார்த்தை தேடினான். "ஆமா... அவங்க கொண்டு வந்ததுதான். வீட்டுக்கு வந்துட்டா வீட்டுதுதானே."

"அப்புறம் எப்படி நம்ம பங்குக்கு வந்துச்சு?"

"அண்ணன்தான் குடுத்தான். ஓடைக்கரை வயல் அவனுக்கு வேணும்னு இருந்தான். எனக்கும் அதுமேல ஆசை. உழுவானை நீ வெச்சுக்கோ, வயலை எனக்கு விட்டுடுன்னான். நான் சரின்னேன்."

"அக்காவைக் கேட்டீங்களா?"

"அது... அந்தப் பேச்சு வரல."

"வரலையா, வர விடலையா?"

அவன் கூடையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். கூடையில் மண் இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

சின்னவள் வயலைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் வாய்க்காலின் முனையில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். அவளைச் சுற்றி வெட்டுண்ட தாள்கள். இவ்வளவு நேரமும் அவள் அறுத்துப் போட்டது வெறும் விளைச்சல் அல்ல, செம்பட்டைக்கு விலையாகப் போன வயல் என்பது அப்போதுதான் சின்னவளுக்கு விளங்கியது. மூன்று வருஷம் அந்த மனுஷி பாதையில் தலையை அசைத்துவிட்டுப் போனதை நினைத்தாள். அவள் இடத்தில் தான் இருந்தால் தலையைக்கூட அசைத்திருக்க மாட்டோம் என்று தோன்றியது.

வெயில் இறங்கும் நேரத்தில் வளை தென்பட்டது. கிணறுவெட்டி கடைசி மண்ணைக் கையாலேயே பறித்தார். உள்ளேயிருந்து சூடான மூச்சு முகத்தில் அடித்தது. கூடவே ஒரு முனகல். அடுத்த நொடி இருட்டிலிருந்து ஒரு துடுப்புக்கால் பாய்ந்து வந்து, அவர் நின்ற இடத்தைப் பிறாண்டிவிட்டுப் போனது. அவர் மல்லாக்க விழுந்து புரண்டு வெளியே வந்தார்.

"பயந்துபோயி இருக்கா. கண்ணு மண்ணு தெரியல."

"அதுக்கு என்னிக்குக் கண்ணு தெரிஞ்சுது?" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

"குட்டி தலை காட்டிடுச்சா இல்லையான்னு தெரியல. எப்படியும் அவ பத்தடி முன்னால வரணும். கூரை விரிசல் விட்டிருக்கு, தண்ணி பட்டா உக்காந்துடும்."

சின்னவள் வாய்க்காலுக்குள் இறங்கி, குதிகாலை ஊன்றி மிதித்துப் பார்த்தாள். வழக்கமாக அந்தத் தாளத்துக்குச் செம்பட்டை ஓடி வரும். இப்போது உள்ளே முனகல்தான் கூடியது. மறுபடி மிதித்தாள். அவசரத்தில் தாளம் தப்பியது. அப்போது முதல் துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் நிலாக்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

பெரியவள் சின்னவனைப் பார்த்தாள். அவள் அவனிடம் பேசியதே அன்றைக்குத்தான். "கொட்டில் பள்ளத்தை அடைக்கணும். கோணி, வைக்கோல், கதவு, எது கிடைச்சாலும். போ." அவன் பாதி ஆட்களோடு ஓடினான். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முடியை இழுத்து முடிந்தாள். வளைக்குள் குனிந்து நுழைந்தாள்.

"அக்கா, வேண்டாம்" என்றாள் சின்னவள். அதற்குள் இருட்டு அவளை இடுப்புவரை விழுங்கியிருந்தது.

உள்ளே பிறாண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சப்பென்று ஒரு அடி. உழுவானின் முகத்தில் யாரோ உள்ளங்கையால் அறைந்த சத்தம்.

"நான்தாண்டி" என்றது பெரியவளின் குரல். "மூஞ்சியைத் தூக்காதே. நான்தான்."

பிறாண்டல் நின்றது. வெளியே நின்றவர்கள் மழையை மறந்தார்கள். கல்லுளி பேசினாள். நிறுத்தாமல் பேசினாள்.

"ஏண்டி, உனக்கு வேற நாளே கிடைக்கலையா? சின்னதுல இருந்தே உனக்கு நேரம் காலம் தெரியாது. என் கல்யாணத்தன்னிக்கு வயித்தால போனவதானே நீ. புதுத்துணியோட உன் பின்னால நின்னு கழுவினேன். இரு, நகராதே. வலி போகட்டும். மூச்சு விடு. ம்... இப்ப வா. ஒரு எட்டு. அவ்வளவுதான், நல்ல பொண்ணு."

மண் உரசுகிற சத்தம்.

"உன்னைக் குடுத்துட்டுத்தான் இந்த வயலை வாங்கினாங்க, தெரியுமா உனக்கு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. சாயந்தரம் தீனி வைக்க வந்தேன், கொட்டில் காலி. அப்படித்தான் தெரிஞ்சுது எனக்கு. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இப்பவும் தெரியல. நல்ல வயலுதான். குறை சொல்ல முடியாது. இதுல விளைஞ்சதைத்தான் மூணு வருஷமாத் தின்னுறேன். தொண்டையில இறங்குது பாரு, அதுதான் எனக்கு ஆத்திரம். இரு, இரு. தலையைத் தாழ்த்து. கூரை இடிக்கும்."

மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டு ஓடைப் பக்கமாக ஓடியது. அந்த நேரத்தில்தான் பெரியவன் வந்தான். தலையிலும் புருவத்திலும் மாவு, தோளில் மூட்டை. தன் வயல் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தவனைக் கிணறுவெட்டி கையைக் காட்டி அடக்கினார். வளைக்குள்ளிருந்து வருவது தன் மனைவியின் குரல் என்று புரிந்துகொள்ள அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"உன் கொட்டில் பக்கம் திரும்பாம நடக்கக் கழுத்தைப் பழக்கினேன். காலைப் பழக்க முடியல. விடியக்காலையில வரப்புல நடக்கையில என்னை அறியாம மிதி விழுந்திருக்கும்போல. அதைக் கேட்டுட்டு வந்தியா? மூணு வருஷமாக் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டு, இன்னிக்கு வந்தியா? வா. இன்னும் ஒரு எட்டு. அந்தச் சின்னப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அவளுக்கு என்ன தெரியும்? உன்னை நல்லாத்தான் வெச்சிருக்கா. நகத்தை ஒழுங்கா சீவியிருக்கா, தொட்டுப் பார்த்தேன். பேசணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கேன். பேசினா உன்னைப் பத்திக் கேட்பேன். கேட்டா அழுதுடுவேன். பாதையில நின்னு அழுதா நல்லாவா இருக்கும்? வாடி என் கண்ணு. வெளிச்சம் உனக்குத் தெரியாது, குளிர்காத்து தெரியுதா? அதான் வெளிய."

சின்னவளின் முகத்தில் மழை வழிந்தது. எல்லார் முகத்திலும்தான் வழிந்தது, அதனால் யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

பெரியவன் மூட்டையை அப்படியே மழையில் போட்டான். சட்டையைக்கூடக் கழற்றாமல் வாய்க்காலுக்குள் குதித்து, சரிந்து விழுந்த மண்ணை இரண்டு கையாலும் வாரி வாரி வெளியே எறிந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். வளையின் வாய் அகன்றது. முதலில் பெரியவளின் முதுகு தெரிந்தது, பின்னோக்கி வந்தாள். அவள் இரண்டு கைக்குள்ளும் அந்த மண்வெட்டி முகம். அதன் பின்னால் செம்பட்டை, ரோமமெல்லாம் சேறாக, அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. முழுக்க வெளியே வந்ததும், அறுத்து அடுக்கியிருந்த பச்சைத் தாளின் மேல் பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னால் வளையின் கூரை தொப்பென்று உட்கார்ந்தது.

பெரியவன் மனைவியின் எதிரே நின்றான். மாவும் சேறும் கலந்து அவன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"தப்புதான்" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள். "அந்தக் கோணியைப் பிடிங்க. குட்டி மேல தண்ணி விழக் கூடாது."

குட்டி அந்தக் கோணியின் கீழேதான் பிறந்தது. ஆட்டுக்கிடா அளவு, உரித்த கிழங்கின் நிறம். மூச்சு இல்லை. பெரியவள் அதைத் தொடையில் கவிழ்த்து, மூக்கில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினாள். ஊதினாள். மறுபடி உறிஞ்சினாள். சின்னவள் பக்கத்தில் மண்டியிட்டு, கேட்காமலே அதன் விலாவைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்க்கத் தேய்க்கக் கைக்கு அடியில் ஏதோ துடித்தது. குட்டி தும்மியது. பெரியவளின் முகம் முழுக்கச் சளியும் சேறும். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே உட்கார்ந்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் வெகுநேரம் சிரித்தாள். அவள் சிரித்துச் சின்னவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை மழை ஓய்ந்திருந்தது. கோணியும் கழியும் வைத்துக் கட்டிய கூரைக்கு அடியில் செம்பட்டை படுத்திருந்தது, குட்டி மடியில் முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. பெரியவள் அவற்றின் பக்கத்திலேயே தூங்கியிருந்தாள். சின்னவள் ஒரு பாத்திரத்தில் சூடாகக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரவெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னாள்.

"அக்கா, அவளை உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கூட வந்திருந்த சின்னவன் ஏதோ சொல்ல வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

சற்றுத் தள்ளி நின்ற பெரியவன், "வீட்டுக்குப் பின்னால கொட்டில் கட்டிடலாம். இன்னிக்கே ஆரம்பிக்கலாம்" என்றான்.

பெரியவள் கஞ்சியைக் குடித்து முடித்தாள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு தடவை எல்லாருமா அவளைத் தூக்கிக் குடுத்தீங்க" என்றாள். "இப்பத் திருப்பித் தூக்கிக் குடுக்குறீங்க. அவ என்ன குடமா? எந்திரிச்சா எங்க போறாளோ, அங்க போகட்டும்."

வெயில் ஏறியதும் செம்பட்டை எழுந்தது. மூக்கை உயர்த்தி நாலு பக்கமும் திருப்பியது. பெரியவள் அசையாமல் நின்றாள். மிதிக்கவில்லை. கால் தவறி மிதித்துவிடக் கூடாதென்று விரல்களை மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றதைச் சின்னவள் பார்த்தாள். செம்பட்டை அவள் முழங்காலில் ஒரு தடவை முகத்தைத் தேய்த்தது. பிறகு குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு, நிதானமாக வயல் வாசல் வழியே சுற்றிப் பாதையைக் கடந்து, மேட்டு நிலத்தில் சின்னவளின் கொட்டிலைப் பார்த்து நடந்தது. அங்கேதான் அதன் வைக்கோல், அதன் தீனி.

யாருக்கும் பெரியவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஓரமாகக் கிடந்த செருப்பை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்புவாள் என்று சின்னவள் நினைத்தாள். அவள் திரும்பவில்லை. வேலியின் கழி ஒன்றை உருவிப் போட்டுவிட்டு, அந்த இடைவெளி வழியாக நுழைந்து, உழுவானுக்குப் பின்னாலேயே நடந்தாள்.

சின்னவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பெரியவள் கொட்டிலுக்குள் இடுப்பில் கை வைத்து நின்று, கூரையிலிருந்து தரை வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணித் தொட்டியை யாரு இந்த மூலையில வெச்சது?"

"நான்தாங்க்கா."

"அவ வலது பக்கமாத்தான் படுப்பா. குடிக்கணும்னா முழுசாத் திரும்பணும். குட்டி வேற நசுங்கும். அந்தப் பக்கம் வை."

"கனமா இருக்கும்க்கா. அவரு வரட்டும்."

"அவன் எதுக்கு?" என்றாள் பெரியவள். தொட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்குச் சின்னவள் வரும்வரை காத்திருந்தாள்.